சொன்ன கதையும் விலைபோகாத மீனும்

காலை 6.50. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். கடற்கரை நிலையம்வரை பத்து ரூபாய். தோள்பையில், அச்சுக்குப் போகவேண்டிய ஒரு புத்தகத்தின் திருத்தப் பிரதி. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மீனவக் குப்பமொன்றில், ஊர்க்காரர்களும் நாங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. கேள்வித்தாள் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து அவர்கள் கதை சொல்வார்கள். எதை எழுதுவது என்று எல்லோருமாக முடிவு செய்வோம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். முதல் கதை கஸ்தூரியுடையது. அதைப் புத்தகத்தில் சேர்க்க அவர் சம்மதம் வேண்டும்.

8.20. பாரிமுனையில் எண்ணூர் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. கல்மண்டபம் வந்ததும், போன வருடம் எங்கள் கண்காட்சி நடந்த கூடத்தை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அங்கே கஸ்தூரியின் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தோம். நண்டைப் பிளந்தால் உள்ளே அனல்மின் நிலையத்துச் சாம்பல், மீனை வறுத்தால் மண்ணெண்ணெய் வாடை, தன் பிள்ளையே தட்டைத் தள்ளிவிடுகிறான் என்று அவர் சொன்னதெல்லாம் படத்தின் கீழே இருந்தது. வந்தவர்கள் கண்கலங்கினார்கள், செல்லில் படமெடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

டோல்கேட் தாண்டி, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நகராமல் நின்றது. பக்கத்தில் இருந்த அம்மா எங்கே போகிறேன் என்று கேட்டார். எண்ணூர் என்றேன்.

"மீன் வாங்கவா? ராயபுரத்துலயே எறங்கி காசிமேட்டுக்கு போயிருக்கலாமே. எண்ணூர் மீனு பூரா சாம்பலாம். செல்லுல போட்டோவோட வந்துச்சே."

எந்தப் போட்டோ என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

10.10. பதினேழு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். குப்பத்துக்கு நடந்தே போனேன். வாசலில் கஸ்தூரி பிளாஸ்டிக் டப்பில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க மேடம்" என்றார். போன வருடம்வரை நான் அவருக்கு அக்கா.

திருத்தப் பிரதியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் சொன்னது நெஜம். அத்த இல்லன்னு சொல்லல. ஆனா நான் மீன் விக்கிறவ மேடம். திருவொத்தியூர்ல பன்னெண்டு வருசமா என்கிட்ட வாங்கினு இருந்த அம்மா, செல்லக் காட்டி, 'உன் மீன உன் புள்ளயே துன்னாதாமே'ன்னு கேட்டுச்சு. இன்னான்னு சொல்றது?"

நீட்டிய பிரதியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"படம் போடலாமான்னு கேட்டீங்க, சர்தான்னேன். எங்க விக்கிறன்னு நீங்களும் கேக்கல, எனக்கும் தோணல. இப்ப வேற எடத்துல குந்திகினு, காசிமேட்டு மீனுன்னு சொல்லி விக்கிறேன்."

உண்மை சொன்ன வாயைப் பொய் சொல்ல வைத்துவிட்டோம். எத்தனை வட்டம் போட்டு உட்கார்ந்தோம்! கேட்டவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், சொன்னவர் அன்றாடம் விற்றுப் பிழைப்பவர் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"எடுத்துடலாமா, கஸ்தூரி?"

"எட்த்துரு."

அந்தக் கதை இல்லாவிட்டால் புத்தகத்தில் உயிரில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு இன்றும் கூசுகிறேன். நான்கு தாள்களையும் உருவி அவரிடமே கொடுத்தேன்.

"வந்துட்டு போனதயும் எழுதுவ இல்ல?" கொஞ்சம் சிரித்தார். "எழுதிக்கோ. பேர மாத்திடு. இப்ப விக்கிற எடத்த மட்டும் போடாத."

கஸ்தூரி என்பது அவரே எடுத்துக்கொடுத்த பெயர்.

12.30. கிளம்பும்போது ஆறு நண்டுகளைப் பையில் போட்டு என் கையில் திணித்தார்.

"எட்த்துகினு போக்கா. வூட்ல ஆக்கித் துன்னுவ இல்ல?"

மறுபடியும் அக்கா என்றாரே என்று மனசு குளிர்ந்தது. "கண்டிப்பா" என்றேன். ஆனால் அதைச் சொல்லுமுன் ஒரு கணம் தயங்கினேன். வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவருக்கு அது தெரியாமல் போகுமா?

பையை என் கையிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வுடுக்கா. தாம்பரம் போறதுக்குள்ள நாறிடும்."

நண்டுகள் எல்லாம் உயிரோடுதான் இருந்தன.