கண்டக்டர் கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்த கண்மணி

பூம்பாறையில் ஆண்டிச்சாமி மகள் கண்மணியைத் தெரியாதவர் கிடையாது. பெருமையடிப்பதாக யாரேனும் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பத்து வயதிலேயே பூண்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழு அடுக்கு வயலையும் மூச்சு வாங்காமல் ஏறியவள் அவள். இரண்டாம் வகுப்பைத் தாண்டாத வீட்டில் பிறந்து, ரத்தம் பார்க்கிற லேப் படிப்பை முடித்தவள். கீழ்நாட்டில் எவன் மகளாவது இதில் பாதி செய்திருந்தால் தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டியிருப்பான்.

ஒரே ஒரு குறை. இருபத்தியொரு வயது வரைக்கும் அவள் தனியாக மலையை விட்டு இறங்கியதில்லை. பெரியகுளத்தில் படித்த காலம் முழுக்க ஆண்டிச்சாமிதான் காய்கறி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விடுதி வாசலில் இறக்கிவிட்டு வருவார்.

செம்பட்டியைத் தாண்டி, நூல்மில்லுக்குச் சாலை பிரிகிற நூல்மில் விலக்கில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி. லேபுக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். காலை பதினொரு மணிக்குள் நேரில் வந்துவிட வேண்டும், பிந்தி வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அந்த நாள் பார்த்துத்தானா பூண்டு பிடுங்க வேண்டும்? வானம் வேறு கறுத்துக்கொண்டு நின்றது. ஒரு மழை விழுந்தால் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும்.

"நான் வேணா கூட வரட்டா தாயி?" என்றார் பஸ் ஏற்றிவிட வந்த ஆண்டிச்சாமி, தோளிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைக்காமலேயே.

"வயல்ல சோலி அப்பிடியே கெடக்கு. நீங்க பாருங்கப்பா. நான் என்ன பச்சப் பிள்ளையா?"

"அதான! என் மக தனியாவே டெல்லிக்குப் போயிட்டு வருவா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் அவர். டெல்லி எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அது வேறு விஷயம்.

வெள்ளனே புறப்படுகிற அந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர் வேல்ராஜ். அந்தப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எங்கே இறங்க வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்வதில்லை. யாருக்கு எந்த வளைவு, எவருக்கு எந்த வயல் வரப்பு என்பதெல்லாம் வேல்ராஜுக்கு அத்துப்படி. தூங்குகிறவர்களைக்கூடத் தோளில் தட்டி, "ஏலே நாச்சிமுத்து, ஒன் எடம் வந்துருச்சு, எந்திரி" என்று எழுப்பி இறக்கிவிட்டுத்தான் விசிலடிப்பார். பிறந்ததிலிருந்து கண்மணி ஏறிப் பழகிய பஸ் அதுதான்.

கொடைக்கானலில் திண்டுக்கல் பஸ் மாறினாள். "நூல்மில் விலக்கு" என்று டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வத்தலக்குண்டு வந்தது. செம்பட்டியும் வந்தது. கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் முன்படிக்கட்டிலிருந்து, "மில் விலக்கெல்லாம் எறங்கு! வெரசா, வெரசா!" என்று கத்தினார். இரண்டு பேர் இறங்கினார்கள். கண்மணி அசையவில்லை. யாரையோ கூப்பிடுகிறார், நம் இடம் வந்தால் நம்மைப் பார்த்துக் கூப்பிடுவார் என்று நிம்மதியாக வேப்பமரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் கழித்துப் பக்கத்து சீட் அம்மாளிடம் கேட்டாள். "மில் விலக்கு வர இன்னும் எம்புட்டு நேரமாகும்க்கா?"

"அது அப்பவே போயிருச்சேடி!"

அடுத்த நொடி கண்மணி எழுந்து நின்று, மேலடுக்கு வயலிலிருந்து கீழடுக்கு வயலுக்குக் கூப்பிடுகிற குரலில், "ஓஓஓய்ய்!" என்றாள். டிரைவர் எதன் மேலோ வண்டியை ஏற்றிவிட்டோம் என்று பயந்து பிரேக்கை மிதித்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் முன்சீட்டில் போய் முட்டினார்கள்.

"ஏம்மா, எறங்க வேண்டிய எடத்துல எறங்காம இப்ப என்னத்துக்குக் கத்துற?" என்று பாய்ந்து வந்தார் கண்டக்டர்.

"நீங்கல்ல என்னயக் கூப்பிட்டிருக்கணும்?"

"ஒன்னையத் தனியாக் கூப்பிட நான் என்ன ஒன் தாய்மாமனா?"

பஸ்ஸே சிரித்தது. கண்மணிக்கு முகமெல்லாம் எரிந்தது. இறங்கி ரோட்டோரம் நின்றபோது மணி பத்து இருபத்தைந்து. அப்பாவுக்குப் போன் போடலாமா என்று கை பைக்குள் போனது. போட்டால் பூண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார். அவர் மலை இறங்குவதற்குள் பதினொன்று தாண்டிவிடும், பூண்டும் போய்விடும். போனை எடுக்காமலே கையை வெளியே எடுத்தாள்.

எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்த முதல் பஸ்ஸைக் கை நீட்டி மறித்து ஏறினாள். இந்த முறை உட்காரவே இல்லை. டிரைவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இதாண்ணே மில் விலக்கு? இதாண்ணே?" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டாள். "தாயி, வந்தா நானே சொல்றேன்" என்றார் அவர். "வேணாம்ணே, நானே கேட்டுக்கிறேன்" என்றாள். இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தக் கை வைத்தபோது உள்ளே நுழைந்தாள்.

வேலைக்கு ஆள் எடுக்க உட்கார்ந்திருந்த டாக்டர் விஜயராணி, ஏன் இப்படி மூச்சு இரைக்கிறது என்று கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டு, நரம்பே தட்டுப்படாத ஒரு பாட்டியைக் காட்டி ரத்தம் எடுக்கச் சொன்னார். அவளுக்கு முன்னால் வேலை கேட்டு வந்த மூன்று பேர் குத்திக் குத்தித் தோற்ற கை அது. பூண்டுப் பல்லை நசுங்காமல் உரித்துப் பழகிய விரல்களால் தடவித் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்தாள் கண்மணி. "எடுத்தாச்சா? வலிக்கவே இல்லையே" என்றாள் பாட்டி. எங்கள் மலைக்காரிக்குச் சொல்லியா தர வேண்டும்? திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் பூம்பாறை பஸ்ஸில் அதே வேல்ராஜ். அவள் வீட்டு வளைவு நெருங்கியபோது தோளைத் தட்ட வந்தார். கண்மணி அதற்கு முன்பே எழுந்து படிக்கட்டில் நின்றிருந்தாள்.

"எறங்கணும்ண்ணே" என்றாள்.

"ஏம் பிள்ள, நான் கூப்பிட மாட்டனா?" என்றார் வேல்ராஜ். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

கீழே, பிடுங்கிய பூண்டுக் குவியலைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா! கெடச்சிருச்சு!" என்று ரோட்டிலிருந்தே கத்தினாள். அந்தச் சத்தம் ஏழு அடுக்கும் இறங்கிப் போனது. வேல்ராஜ் விசிலடிக்க மறந்து நின்றார்.