மாதா தாண்டிப் போன வீடு

சுங்கை லாலாங் பக்கம் நாங்கள் வாழும் தாமான் குடியிருப்பில், அக்டோபர் வந்தால் மாதா வீடு வீடாக வருவார். செபமாலை மாதம் அது. மாதாவின் சுரூபம் ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரரே அதைக் கையில் ஏந்திப்போய் அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். நாங்கள் பாடிக்கொண்டே பின்னால் போவோம். அங்கே செபமாலை சொல்லிவிட்டுச் சாப்பிடுவோம். உண்மையைச் சொன்னால், செபம் முடியும் முன்பே சிலருடைய மூக்கு அடுப்படிக்குப் போய்விடும்.

தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த காலத்தில் பால் சேர்க்காத கோப்பி ஓவும் பிஸ்கட்டும்தான். தாமானுக்கு வந்த பிறகு ஒருவர் அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டினார், அடுத்தவர் கோழி வைத்தார், அதற்கும் அடுத்தவர் கேட்டரிங்குக்கே சொல்லிவிட்டார். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதெல்லாம் எங்களுக்கு மறந்தே போயிற்று.

எங்கள் வரிசையில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவள் கணவர் கோத்தா கோலா மூடாவிலிருந்து மீன் ஏற்றிவரும் லாரியில் வேலை செய்தவர். லாரியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து படுக்கைதான். இவள் பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளை வளர்க்கிறாள். எங்கள் செபக்குழு மாதந்தோறும் அரிசி, எண்ணெய், மாவு என்று ஒரு பை கட்டி அவளுக்குக் கொடுக்கும். பை, அவள் வீட்டை அடுத்திருக்கும் மூலை வீட்டு அக்காவிடம் இருக்கும். பெரிய வீடு, பெரிய மனசு, அதில் குறை சொல்ல முடியாது. தங்கச்சி பக்கவாட்டுச் சமையலறைக் கதவண்டை வந்து நிற்பாள். "பாத்துத் தூக்கும்மா, கனமா இருக்கும்" என்று அக்கா எடுத்துக் கொடுப்பார்.

போன அக்டோபரில் மாதா தங்கச்சியின் வீட்டுக்கு முந்திய வீடுவரை வந்துவிட்டார். செபம் முடிந்ததும் நாளை எந்த வீடு என்று சொல்வது வழக்கம். மூலை வீட்டு அக்கா எழுந்து, "நாளைக்கு மாதா எங்க வீட்டுக்கு வர்றாங்க" என்றார்.

வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சாப்பிடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்காவை ஓரமாக இழுத்துக் கேட்டேன். "பாவம் லா. இத்தன பேருக்கு ஆக்கிப் போட அவ எங்க போவா? நாமளே பை குடுத்துட்டு, நாமளே போயி அவ சீனிய காலி பண்ணணுமா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு உள்ளே ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது.

காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் சாயத்தின் வாசனை. முன் அறைச் சுவர் ஒன்றுக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தாள். அந்தச் சுவரோரம் ஒரு சின்ன மேசை, அதன்மேல் துவைத்துத் தேய்த்த வெள்ளைத் துணி, ஒரு கிளாஸில் காகிதப்பூ. கோப்பித்தூளும் சீனியும் ஒரு டின் பிஸ்கட்டும் பிரிக்காமல் இருந்தன. மேசையில் மாதாவுக்கு விட்ட இடம் மட்டும் காலியாக இருந்தது.

"உக்காருங்கக்கா" என்றாள். நான் உட்கார்ந்ததும் கேட்டாள்:

"எங்க வீட்டுக்கு அரிசி வரலாம், மாதா வரக்கூடாதாக்கா?"

கோபம் வந்தது. எனக்கு அது எப்போதும் மூக்குக்கு மேலேயே இருப்பதுதான். அவளிடம் இல்லாததை எல்லாம் நாங்கள் ஒன்று விடாமல் பார்த்து வைத்திருந்தோம். அவளுக்கும் கொடுக்க ஆசை இருக்கும் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேராக மூலை வீட்டுக்குப் போய்க் கொட்டித் தீர்த்தேன். அக்காவும் லேசில் விடுகிறவர் இல்லை. "நீ என்ன கண்ட? நாங்க லயத்துல இருந்தப்ப கோயில் சாமியார் வீட்டுக்கு வந்தாலே எங்கம்மா சீனி கடன் வாங்கப் பின்வாசல் வழியா ஓடுவாங்க. அந்த மூஞ்சிய நா இன்னும் மறக்கல. இவளுக்கு அது வேணாம்னுதான் சொன்னேன்" என்றார். சொல்லும்போதே அவருடைய குரல் உடைந்தது. அவரைத் திட்ட வந்த எனக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை.

"அவ சீனி வாங்கி வச்சிட்டாக்கா. செவுத்துக்கு வெள்ளகூட அடிச்சிட்டா" என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டரிங்குக்குப் போன் போட்டார். சாப்பாடு இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு. போனை வைத்ததும் மறுபடி ஆரம்பித்தார்.

"நா கொஞ்சம் மீகூன் மட்டும் குடுத்தனுப்பட்டுமா?"

"அக்கா, நீங்க வாய மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க. செபம் சொல்லவும் கோப்பி குடிக்கவும் அது போதும்."

அன்று மாலை மாதா தங்கச்சியின் வீட்டுக்குப் போனார். பாதிப் பேர் உள்ளே, மீதிப் பேர் ரோட்டில். அவள் கணவர் தலையணையில் சாய்ந்தபடி எல்லாரையும்விடச் சத்தமாகச் செபம் சொன்னார். முடிந்ததும் கோப்பி வந்தது. பத்தாத கப்புகளுக்கு ஜாம் போத்தல், பிள்ளைகளின் பிளாஸ்டிக் குவளை எல்லாம் வந்தன. பிஸ்கட்டை முக்கித் தின்றுகொண்டிருந்த ஓர் அண்ணன், "இதுவே நல்லா இருக்கு லா. எல்லா வீட்லயும் இப்படியே வச்சிக்கலாமே" என்றார். அவர் மனைவி சட்டென்று "ஆமா ஆமா" என்றாள். தங்கள் முறை வருமே என்று பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு வீடு மட்டுமல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மாலை தங்கச்சி கேன்டீனிலிருந்து வந்து, குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். மாதாவை ஏந்தி முன்னால் நடந்தாள். நாங்கள் பாடிக்கொண்டு பின்னால் போனோம். பக்கத்து வீடுதான், தூரம் ஒன்றுமில்லை. சமையலறைப் பக்கம் போகும் சந்துக்குள் திரும்பாமல், திறந்திருந்த பெரிய கேட்டின் வழியாக முன்வாசலுக்குப் போய் நின்றாள். மூலை வீட்டு அக்கா வெறுங்காலோடு வந்து, முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.

தங்கச்சி குனிந்து கொடுத்தாள்.

"பாத்து வாங்கிக்கோங்கக்கா, கனமா இருக்கும்" என்றாள்.