பத்துமலை அடிவாரத்தில் இருபத்தொரு பைகள்

சீனியம்மாளை மலேசியாவில் போலீஸ் பிடித்துவிட்டது என்ற செய்தி, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குக் காலை எட்டு மணிக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவரிடம் சிக்கியவை அடுத்தவர்களின் பாஸ்போர்ட்டுகள் மட்டும்தான். பதினோரு மணிக்கு டீக்கடையில் அரைக் கிலோ தங்கம் சேர்ந்தது. மாலையில் உசிலம்பட்டி பஸ் ஏறும்போது தங்கம் இரண்டு கிலோ ஆகியிருந்தது; அதை எங்கே ஒளித்துக் கொண்டுவந்தார் என்று விளக்கவும் ஆள் இருந்தது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அன்று முழுக்க சீனியம்மாள் ஆரப்பாளையத்தில் தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்தார். பிடிபட்டவர் இங்கே எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "காசக் குடுத்து வெளிய வந்திருப்பா" என்று பதில் தயாராக இருந்தது.

ஆளுக்குக் கெடுதல் இல்லாத வதந்தி என்றால் நானும் கால் கிலோ சேர்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் சீனியம்மாள் நடத்துவது லக்கேஜ் ரூம். நிலையத்துக்குப் பின்சந்தில், காளை என்பவருடைய லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கோர்ட்டுக்கு வந்தவர், கோயிலுக்கு வந்தவர் என்று எல்லோரும் முப்பது ரூபாய்க்குத் தங்கள் பையை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். பத்தொன்பது வருடத் தொழில். அதில் அவருக்கு முதலீடு அந்த ஸ்டூலும் அவர் பெயரும்தான். வதந்திக்கு முன்பு நாளைக்கு அறுபது பை வந்தது, இப்போது ஒன்பது. வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குமேல் அறை செல்போன் கவர் விற்பவருக்கு என்று காளை சொல்லிவிட்டார். தான் நம்புவதாகவும், பையைக் கொண்டுவருகிறவன் அல்லவா நம்ப வேண்டும் என்றும் சொன்னாராம். முதல் பாதி மரியாதைக்குச் சொன்னது.

ஆகவே விசாரிக்கக் கிளம்பினேன். டீ மாஸ்டருக்கு ஆட்டோக்காரர் சொன்னார். ஆட்டோக்காரருக்குக் காலை நடைப்பயிற்சிச் சங்கத்தில் யாரோ சொன்னார்கள். எல்லோரும் நேரில் பார்த்ததுபோலவே சொன்னார்கள். அவர்களில் ஒருவரிடமும் பாஸ்போர்ட்டே இல்லை. சீனியம்மாள் மலேசியாவுக்குச் சுற்றுலா போய்வந்தது உண்மை; கூடப் போனவர் முத்துக்குமரன், அந்தச் சுற்றுலாவை நடத்திய வாடிப்பட்டி டிராவல்ஸ்காரர். அவரைப் பிடித்தேன்.

"போலீஸ் வந்தது நெசம்ணே. தங்கம் பொய்யிண்ணே" என்றார். அதற்குமேல் கேட்டால் அடுத்த டூர் படுத்துவிடும், இருபத்தைந்து பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மிச்சத்தைச் சீனியம்மாளே சொன்னார். அதற்கு முன் என் தோள்பையை வாங்கி ஆணியில் மாட்டி, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதி பையின் வாரில், மறுபாதி என் கையில். இதுதான் அவருடைய சீட்டு. நம்பர் போட்ட தகட்டை யாரும் அடித்துக்கொண்டு வரலாம். கையால் கிழித்த தாளின் ஓரம் உலகத்தில் இன்னொன்றோடு பொருந்தாது. பாதியைக் கொடுத்தால் பை. கொடுக்காவிட்டால், பெற்ற மகன் வந்து நின்றாலும் பை கிடையாது. ஒருமுறை மகனே வந்து நின்றிருக்கிறான். வீட்டுக்குப் போய்ச் சீட்டை எடுத்து வந்த பிறகுதான் பை கிடைத்தது.

மலேசியாவுக்குப் போனவர்கள் அவரோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். கிளம்பும் முன் முத்துக்குமரன் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு நிமிடத்துக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். மூடி உடைக்காத தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் படிவத்தில் இருக்கிற நோயை இல்லை என்று எழுதக் கூடாது. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்கக் கூடாது. தமிழ் பேசுகிறாரே என்று மயங்கக் கூடாது. யூனிபார்மைப் பார்த்தும் மயங்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் இருபது பேர் கைகூப்பும் படம் போட்டு நன்றி சொன்னார்கள். பதினோரு நிமிடச் செய்தியை முழுதாகக் கேட்டவர் சீனியம்மாள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட், மாத்திரை, பணம் மூன்றையும் சொன்னபடியே கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பத்துமலை முருகன் கோயில் வந்ததும் இருநூற்று எழுபத்திரண்டு படிகளைப் பார்த்தார்கள். அங்கே திரியும் குரங்குகளையும் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சீனியம்மாளைப் பார்த்தார்கள். "அக்கா, நீங்கதான் இதுல பழக்கம்" என்று முதல் கைப்பை வந்தது. ஐந்து நிமிடத்தில் இருபத்தொன்றும் வந்துவிட்டன. அயல்நாட்டில் தன் பையைத் தானே சுமக்க வேண்டும் என்ற விதி வேறு ஊர்க்காரர்களுக்குப் பொருந்தும். ஆரப்பாளையத்து லக்கேஜ் ரூமையே கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்குப் பொருந்தாது. சீனியம்மாள் மறுக்கவில்லை. நீட்டிய பையை வாங்காமல் இருக்க அவர் கைக்குத் தெரியாது. சுற்றுலாவின் பயண நிரல் அச்சடித்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துப் பாதி கட்டினார், பாதி கொடுத்தார். கடல் கடந்து போய், மொட்டை வெயிலில் அதே வேலையைச் செய்ய உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒருவன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அட்டை, வாயில் நல்ல தமிழ். எந்த ஊர் என்று கேட்டான். உசிலம்பட்டிப் பக்கம் என்றதும் தன் தாத்தாவும் அந்தப் பக்கம்தான் என்றான். பாஸ்போர்ட் சோதனை நடக்கிறது, எல்லாவற்றையும் கொடுங்கள், முத்திரை வைத்துப் பத்து நிமிடத்தில் திருப்பித் தருகிறேன் என்றான்.

"சீட்டு இருக்கா?" என்றார் சீனியம்மாள்.

"நான் ஆபீசர்மா."

"ஆபீசர்னா இப்படி உக்காருங்க. சீட்டு உள்ளவுக எறங்கி வரட்டும்."

அவன் பழச்சாறு வாங்கித் தருவதாகச் சொன்னான். ஒரு பையின் வாரைப் பிடித்து இழுத்தும் பார்த்தான். சீனியம்மாள் எழுந்து அந்தப் பைமீதே உட்கார்ந்துவிட்டார். எழுபத்தெட்டுக் கிலோவை இழுக்க அவனுடைய பதவியில் இடமில்லை, போய்விட்டான்.

அடுத்து வந்தது நிஜப் போலீஸ். சீருடை அணிந்த ஒரு பெண், வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும் பைக்குவியல் யாருடையது என்று பாதி மலாயிலும் பாதி தமிழிலும் கேட்டார். திறந்து காட்டச் சொன்னார். சீனியம்மாள் அவரிடமும் சீட்டுக் கேட்டார்.

"மொதல்ல வந்தவனும் ஆபீசர்னுதான சொன்னான்? அசலு எது நகலு எதுன்னு எனக்கென்ன தெரியும்" என்று என்னிடம் கேட்டார்.

காவல் சாவடிக்குக் கூட்டிப்போனார்கள். பைகளைப் போலீஸாரே சுமந்தார்கள். அங்கே நீட்டிய தண்ணீரை, மூடி உடைந்திருந்ததால், வேண்டாம் என்றார். சர்க்கரை குறைந்து கண் இருட்டியபோது தன் சுருக்குப்பையில் இருந்த கடலைமிட்டாயைத் தின்று சரிசெய்துகொண்டார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கூட்டம் இறங்கி வந்து, ஆளையும் காணோம் பையையும் காணோம் என்று அலறித் தேடி, சாவடிக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொருவராகப் பாதித் தாளை நீட்ட, சீனியம்மாள் ஓரத்தைப் பொருத்திப் பார்த்துப் பையைக் கொடுத்தார். அந்தப் போலீஸ்காரப் பெண் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாராம்.

கதை முடிந்தது என்பதுபோலச் சீனியம்மாள் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்தார். பொருந்திய தாள்களைக் கடைச் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். எண்ணினேன். இருபது ஜோடி. இருபத்தொன்றாவது இடத்தில் ஒற்றைப் பாதி.

ஒன்று குறைகிறதே, அது யாருடையது என்று கேட்டேன்.

"ஒன்னு வரல" என்றார். யார் என்று சொல்லவில்லை. "பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு வெளிய சொல்ல ஆரம்பிச்சா, அப்பறம் நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. தன் பெயரைக் காப்பாற்ற அந்த ஒருவர் பெயரைச் சொன்னால் போதும். அதற்கு அவர் தயாராக இல்லை. நான் வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். டூரில் போயிருந்த ராக்கம்மாளுக்கு அப்படிப்பட்ட தொழில் தர்மம் எதுவும் இல்லாததால் காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். சாவடிக்குக் கடைசியாக வந்தவர் சிவபாண்டி. கையில் சீட்டு இல்லை. சீட்டைக் குரங்கு பிடுங்கியதா, காற்று கொண்டுபோனதா தெரியாது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, ஒரு கை நெஞ்சில் இருந்தது, பேச்சு வரவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பைக்குள் இருந்தது. சீனியம்மாள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். சீட்டுக் கேட்காமல் பையைத் திறந்து கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

சிவபாண்டி யார் என்று சொல்லியாக வேண்டும். பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். காற்றில் பறந்துவிட்டது என்று சொன்ன பயணிகளிடம் முப்பது வருடம் அபராதம் வசூலித்தவர். இப்போது காலை நடைப்பயிற்சிச் சங்கத்தின் தலைவர். இன்சூரன்ஸ் படிவத்தில் இதய நோய் என்ற இடத்தில் 'இல்லை' என்று தெளிவான கையெழுத்தில் எழுதியவர்.

புதன்கிழமை காலை நடந்துகொண்டிருந்தவரோடு நானும் நடந்தேன். "போலீஸ் கூட்டிட்டுப் போச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். அது பொய்யா?" என்று கேட்டார். பொய்யில்லைதான். தலைவரே, படி எல்லாம் ஏறினீர்களா, உடம்பு எப்படி என்று சங்கத்தார் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, பேச்சைத் திருப்ப ஏதாவது வேண்டியிருந்திருக்கிறது. இவர் தந்தது ஒரு வரி. தங்கம் சங்கத்தாரின் அன்பளிப்பு.

மாத்திரை விஷயம் எனக்குத் தெரியும் என்றேன். நடை நின்றது.

"அந்தம்மா சொல்லுச்சா?"

"அவுக உங்க பேரையே சொல்லல."

"கடை போகப்போகுதுன்னு தெரிஞ்சுமா?" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம், தேய்த்த சட்டையோடு காளையின் லாட்ஜுக்கு வந்தார். சங்கத்தார் நாலு பேரையும் கூட்டி வந்திருந்தார். தங்கம் இல்லை, கடத்தல் இல்லை, இருபத்தொரு பேர் பாஸ்போர்ட்டோடு ஊர் திரும்பியது இந்த அம்மாவால்தான், போலீஸே படம் எடுத்தது என்று டிப்போக் கூட்டத்தில் பேசுவதுபோலக் கணீரென்று பேசினார். எல்லாவற்றையும் சொன்னார், தன்னை மட்டும் விட்டுவிட்டார். காளை எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, செல்போன் கவர்க்காரருக்குப் போன் போட்டு அறை இல்லை என்றார். அந்த வாரக் கடைசியில் நாற்பது பை வந்தது.

அன்று கூட்டம் கலையும்போது சீனியம்மாள் கையை நீட்டினார். சிவபாண்டி முப்பது ரூபாயை எடுத்தார்.

"காசு வேணாம்ணே. சீட்டு."

அது தொலைந்துவிட்டதே என்றார் முன்னாள் பரிசோதகர். தொலைந்துவிட்டது என்று நாலு பேர் கேட்க ஒருதரம் சொல்லிவிட்டால் போதும், கம்பியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார் சீனியம்மாள். எப்போது, எப்படித் தொலைந்தது, பிறகு பை எப்படிக் கைக்கு வந்தது என்று நாலு பேரும் கேட்பார்கள் அல்லவா. வீட்டில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் ஆகிறது. ஒற்றைப் பாதி கம்பியில்தான் இருக்கிறது. சங்கத்தின் காலை நடை இப்போது பின்சந்து வழியாகப் போவதில்லை. அந்தப் பாதை மேடாக இருப்பதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார்.