பூட்டிய ஆலைக்குள் எக்ஸ்ரே அக்கா

படியில் கால் வைக்குமுன் அக்கா குடைக்கம்பால் அதைத் தட்டுகிறார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்கிறார். திருப்தியில்லை. சற்றுத் தள்ளி இன்னொரு தட்டு. "எதுக்கும் ஒரு தடவ பாத்துக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஏறுகிறார். மூடிக் கிடக்கும் நூற்பாலையின் மாடிப்படி அது. ஞாயிற்றுக்கிழமை, ஊரே துணி துவைத்துக் காயப்போடும் நேரம்.

மருத்துவமனையில் படம் எடுப்பது அவர் வேலை. எக்ஸ்ரே அக்கா என்றால்தான் யாருக்கும் தெரியும். பயந்த சுபாவம் என்று சொன்னால் போதாது. லிஃப்டில் ஏற மாட்டார். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனைவரை போனவர், திரும்பி வந்து அணைந்துதான் இருக்கிறதா என்று பார்ப்பார். தூங்கும் நாயைக் கண்டாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவார். "தூங்குற மாதிரி நடிக்குதோ என்னமோ, யார் கண்டா?"

இப்படிப்பட்டவர் பாழடைந்த ஆலைகளுக்குள் தனியாகப் புகுந்து வருவது வீட்டாருக்கே பிடிபடாத சங்கதி. கேட்டால், "ஓடுற மெஷினப் பாத்தாத்தான் பயம். நின்ன மெஷின் நம்மள என்ன பண்ணப்போகுது?" என்பார். போட்டோ எடுக்க மாட்டார். ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வரிசையாக நிற்கும் நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே மெல்லப் போவார். பல் உடைந்த சக்கரம், பாதி நூலோடு நின்றுபோன பாபின், நைந்து தொங்கும் பெல்ட் என்று ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பார். நூல் முறுக்கும் கதிர் ஒன்றை விரலால் சுண்டிவிடுவார். சுழன்றால் முகம் மலரும். துருவேறி அசையாமல் நின்றால், நோயாளியைக் கேட்பதுபோல, "எங்க வலிக்குது?" என்று கேட்பார்.

கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கற்றுக்குட்டிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியதில், மனைவி காய் நறுக்கும்போதுகூட அவர் வலது கால் தானாகப் பிரேக் தேடித் தரையை மிதிக்கும். ஆலைக்குள் மட்டும் வர மாட்டார். வாசலில் காவலாளியோடு பேசிக்கொண்டிருப்பார். காவலாளியின் மணிக்கட்டு முறிந்தபோது படம் எடுத்தவர் அக்கா. உள்ளே விடுவது அந்தப் பழக்கத்தில்தான். இடையிடையே அக்கா ஜன்னலோரம் வந்து "இருக்கேங்க!" என்று குரல் கொடுக்க வேண்டும். மாஸ்டர் "சரிம்மா!" என்பார். ஏற்பாடு அவ்வளவுதான்.

போன மாதம் ஒருநாள், அக்கா மாடியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்ததில் அவர் போட்ட "இருக்கேங்க!" வாசலை எட்டவில்லை. இரண்டாம் தடவை கத்தியதும் எட்டவில்லை. மாஸ்டரால் வாசலில் நிற்க முடியவில்லை, மாடியேறிவிட்டார்.

அந்த மாடித்தளம் பலகை. எண்ணெய் ஊறி, கூரை ஒழுகி, உளுத்துப்போனது. அடியில் உத்தரம் ஓடும் இடத்தில் மட்டும் ஆணித்தலைகள் வரிசையாகத் தெரியும். அக்கா அந்த வரிசையை விட்டு இம்மியும் விலக மாட்டார். மாஸ்டருக்கு ஆணியைப் பற்றி என்ன தெரியும்?

"ஏம்மா! எங்க இருக்க நீ?"

அக்கா திரும்பிப் பார்த்தபோது அவர் கூடத்தின் நட்டநடுவே வந்துகொண்டிருந்தார். "வராதீங்க!" என்பதற்குள் பலகை படாரென்று முறிந்தது. ஒரு கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. அவரைச் சுற்றி இருந்த பலகைகளும் முனகின.

அக்காவின் வாயிலிருந்து வந்தது எக்ஸ்ரே அறைக் குரல்: "அசையாதீங்க. மூச்சப் புடிச்சுக்குங்க."

மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"இப்ப விடுங்க. மெதுவா முன்னால சாஞ்சு படுங்க. கைய நல்லா விரிச்சு."

"இந்த உடம்ப வச்சுக்கிட்டு எங்கம்மா படுக்குறது?"

"படுங்கன்னா படுங்க!"

கல்யாணமான நாள்முதல் அவர் கேட்டிராத அதட்டல். படுத்தார். அக்கா ஆணி வரிசைமேல் மண்டியிட்டு நகர்ந்து வந்து குடையை நீட்டினார். அப்போதுதான் ஓட்டை வழியாகக் கீழே இருப்பது கண்ணில் பட்டது. பஞ்சைச் சீவும் பழைய இயந்திரம். உருளை முழுக்க ஊசிமுனைக் கம்பிகள். மாஸ்டரின் வெறுங்கால் அதற்கு நேர்மேலே ஆடிக்கொண்டிருந்தது.

"கீழ என்னம்மா இருக்கு?"

"பழைய பஞ்சு மூட்டைங்க. விழுந்தாலும் மெத்துன்னுதான் இருக்கும். குடையப் புடிங்க."

"அப்பாடா" என்றார் மாஸ்டர். பிடித்தார். கால் வெளியே வந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் வழன்று ரத்தம். அக்கா சொன்ன வழியில் புரண்டு புரண்டு ஆணி வரிசைக்கு வந்து, அதன்மேலேயே தவழ்ந்து, இருவரும் படியிறங்கினார்கள்.

கீழ்க்கூடத்தில் மாஸ்டர் நின்றார். மாடித்தள ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்த இடத்தில், கம்பிப் பற்களில் குத்திக்கொண்டு அவருடைய செருப்பு நின்றது. ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். உருளையைப் பார்த்தார். மனைவியின் பக்கம் திரும்பினார். செருப்பை எடுக்கக் கையை நீட்டினார்.

அக்கா அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

"விடும்மா, செருப்பு."

"கெடக்கட்டும்."

ஒற்றைச் செருப்போடு மழையில் நொண்டி நொண்டி வந்தவரைப் பார்த்துக் காவலாளி ஓடிவந்து தோள் கொடுத்தார். பஸ்ஸில் மாஸ்டருக்கு இடம் கிடைத்தது. பக்கத்து இடமும் காலியாகத்தான் இருந்தது. அக்கா உட்காரவில்லை. கசங்கிப்போன அந்தச் சட்டையைப் பிடித்தபடியே, இறங்கும் இடம்வரை நின்றுகொண்டு வந்தார்.