பதினாலாம் நம்பரில் புதைத்த கத்திகள்

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் காளியண்ணனுக்குக் கவ்வாத்து வேலை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும்; அப்போதுதான் மறுபடி தழைக்கும். அவருடைய அப்பாவும் அதே வேலைதான் பார்த்தார். தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பர் உண்டு; ஒரு நம்பர் முடிகிற நாளில், தேய்ந்து விரல் அகலமாகிப்போன கத்திகளைச் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் அறுத்துச் செடியின் காலடியில் புதைப்பார்கள். கை கால் வெட்டுப்படாமல் காத்ததற்காக முனியாண்டிக்குச் செலுத்துவது அது. காட்டை ஒட்டிய பதினாலாம் நம்பரில் மட்டும் முப்பதுக்கு மேல் கத்திகள் மண்ணுக்குள் கிடந்தன. எது எங்கே என்று காளியண்ணனுக்குத் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

1975-இல் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் நடமாடுவதாகப் பேச்சு இருந்தது. ஒரு காலை, பதினாலாம் நம்பர் ஓரத்தில் காட்டுப்பன்றி ஒன்று சிதறிக் கிடந்தது. மண்ணுக்குள் வெடி வைத்திருக்கிறார்கள் என்று ராணுவம் வந்தது. இரும்பைக் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று கொண்டுவந்தார்கள். நீளமான கோல், அதன் நுனியில் வட்டமான தட்டு. மண்ணில் இரும்பு இருந்தால் அது கத்தும். அந்தச் சத்தம் காதில் மாட்டியிருப்பவனுக்கு மட்டும்தான் கேட்கும்.

மாட்டியிருந்தவன் கோப்ரல் ஹாலிம். இருபத்திரண்டு வயது. லிப்பிஸ் ஊர்ப் பக்கத்து மலாய்ப் பையன். வழிகாட்டக் காளியண்ணனை அனுப்பியிருந்தார்கள். முதல் முறை மெஷின் கத்தியபோது, மண்டியிட்டு அரைமணி நேரம் மண்ணைக் கையால் கிளறினார்கள். கிடைத்தது கவ்வாத்துக் கத்தி. அடுத்ததும் கத்தி. காளியண்ணன் விஷயத்தைச் சொன்னார். ஹாலிம் சிரித்தான்.

"உங்க சாமிக்கு இத்தனை கத்தி எதுக்கு? சண்டைக்குப் போறாரா?" என்று மலாயில் கேட்டான்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. மற்ற சிப்பாய்கள் தள்ளி, கீழே ரோட்டில் நின்றார்கள். மெஷின் கத்தும், ஹாலிம் நின்று திரும்பிப் பார்ப்பான். இருபது கஜம் கீழே நிற்கும் காளியண்ணன் கையைத் தூக்கி, "எங்களோடதுதான்" என்பார். அவன் அடுத்த செடிக்குப் போவான். சந்தேகம் வந்து நடுவில் இரண்டைத் தோண்டிப் பார்த்தார்கள். இரண்டும் கத்திதான். பதினோரு தடவை அவர் சொன்னது தப்பவில்லை.

மழை இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது தடவை ஹாலிம் நின்றான், திரும்பிப் பார்த்தான். காளியண்ணன் கையைத் தூக்கினார்.

வெடித்த பிறகு வெகுநேரம் அவருக்குக் காது கேட்கவில்லை. கொழுந்துச் சாக்கில் வைத்து ஹாலிமைக் கீழே கொண்டுவந்தார்கள். சாக்கின் ஒரு முனையை அவர்தான் பிடித்தார். பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் கை கழுவினார். சோறு தின்றார். மறுநாள் ஒன்பதாம் நம்பரில் கவ்வாத்து இருந்தது, போனார். ஹாலிம் செத்த அந்தச் செடி நிரையில் கத்தி புதைத்த வருடம் தனக்குக் காய்ச்சல், தான் வேலைக்கே வரவில்லை என்பது அங்கே வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் கத்தியை நிறுத்தினாரா என்றால், இல்லை. அந்தச் செடியை முடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போனார்.

மெஷின் பழுது, அதனால் கத்தவில்லை என்று ராணுவம் எழுதிக்கொண்டது. தொழிலாளர் குடியிருந்த லயத்திலும் அதுதான் பேச்சு. "நல்ல மெஷினா இருந்திருந்தா அந்தப் புள்ள பொழைச்சிருக்கும்" என்று மனைவி வடிவம்மாள் பல தடவை சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பதினாலாம் நம்பரை முள்கம்பி போட்டு மூடிவிட்டார்கள்.

ஒன்பது வருடம் போயிற்று. 1984-இல் அந்த இடத்தில் புதுக்கன்று நட வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. மறுபடி ராணுவம் வந்தது. இந்த முறை லோரியிலிருந்து பலகை வழியாக இறங்கியது மனிதன் இல்லை. சங்கிலிச் சக்கரம் வைத்த குள்ளமான வண்டி. முன்னால் இரும்பு தேடும் தட்டு, மேலே ஒரு கேமரா, ஒரு கை. பின்னால் வால் மாதிரி நீண்ட வயர். வேடிக்கை பார்க்க லயமே கூடிவிட்டது.

"அண்ணே, கவர்மெண்டு மாப்பிள்ள வந்துட்டாரு" என்றார் கங்காணி பக்கிரிசாமி. "சோறு வேணாம், சாயா வேணாம், லீவு கேக்க மாட்டாரு லா. காலையில பெரட்டுக்குப் பேர் கூப்பிட்டா மொத ஆளா நிப்பாரு."

"கங்காணி வேலைக்கும் ஒண்ணு வருமாம், பாத்துக்க" என்றாள் வடிவம்மாள்.

அதிகாரி ஒரு கேப்டன், மலாய்க்காரர். மரியாதையாகப் பேசினார். "இனிமேல் மண்ணில் வெடி இருந்தாலும் ஆள் சாக வேண்டியதில்லை. இது சாகும். வேறொன்று வாங்கிக்கொள்வோம். போர் என்றாலே வருங்காலத்தில் இப்படித்தான்."

கங்காணி அதைத் தமிழில் சொல்ல, வடிவம்மாள் கேட்டாள்: "அப்ப வெடி வைக்கிறதும் மெஷின்தானா, இல்ல மனுசனா?"

கங்காணி அதை மலாயில் சொல்லவில்லை.

கேப்டன் காளியண்ணனிடம் ஒரு கட்டு வெள்ளைக் கொடிகளைக் கொடுத்தார். சின்னச் சின்னக் கொடிகள், கம்பி முனை. மெஷின் கத்துகிற இடத்திலெல்லாம் அது வெடிமருந்து வைத்துவிட்டுப் பின்னால் வந்து வெடிக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். கத்தி இருக்கும் இடங்களை அவர் கம்பிவேலிக்கு வெளியிலிருந்தே காட்டிக் கொடியைக் கொடுத்தால், வண்டியின் கை அதைக் கொண்டுபோய் நடும். அந்த இடங்களை விட்டுவிடலாம். ஒரே நாளில் வேலை முடியும்.

"போன தடவை மெஷின் கத்தவே இல்லை, அதனால்தான் அந்தச் சாவு. இது அப்படியில்லை, கண்டிப்பாகக் கத்தும். நீங்கள் கத்தியை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

காளியண்ணன் கொடிக்கட்டைப் பார்த்தார். முப்பது இருக்கும். நாளைக்கு அந்த மண்ணில் கன்று நடப்போவது இதோ பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்கும் பெண்கள்தான். வடிவம்மாளும் அதில் ஒருத்தி.

"போன தடவையும் கத்துச்சு, துவான்" என்றார் மலாயில்.

கேப்டனுக்குப் புரியவில்லை.

"மெஷின் கத்துச்சு. அவன் நின்னான், என்னைப் பாத்தான். நான்தான் எங்க கத்தின்னு சொன்னேன்."

சிரிப்புச் சத்தம் நின்றது. மலாய் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் இது புரிந்தது. வடிவம்மாள் முக்காடாகப் போட்டிருந்த துண்டைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். ஏதாவது வரும் என்று காளியண்ணன் காத்திருந்தார். அழுகையோ நடுக்கமோ, ஒன்பது வருடமாக வராதது எதுவோ. ஒன்றும் வரவில்லை.

"கோப்பில் மெஷின் பழுது என்று இருக்கிறது" என்றார் கேப்டன்.

"தெரியும், துவான்."

கேப்டன் கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிறகு காளியண்ணன் கையிலிருந்த கொடிக்கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு இடத்தையும் விட வேண்டாம் என்று ஆட்களிடம் சொன்னார்.

ஐந்து நாள் ஆயிற்று. வண்டி மெதுவாக ஏறும், கத்தும், மருந்து வைக்கும், இறங்கும். மண் எழும்பி விழும். முப்பத்துமூன்று தடவை. முப்பத்துமூன்றும் கத்தி.

"எல்லாம் நம்மளோடதுதான்ணே" என்றார் பக்கிரிசாமி தாழ்ந்த குரலில். "நீங்க காட்டியிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்."

காளியண்ணன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவம்மாள் அந்த ஐந்து நாளும் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தூக்கை மட்டும் வேலி ஓரம் வைத்துவிட்டுப் போவாள்.

கடைசி நாள் வண்டி மேல் நிரைக்குப் போனது. ஹாலிம் கடைசியாக நின்ற பன்னிரண்டாவது இடத்தில் வெடித்த பள்ளம் தூர்ந்து, பெரணிச் செடி முளைத்திருந்தது. இந்த மெஷின் கத்தினால் எல்லாருக்கும் கேட்கும். தட்டு பெரணிமேல் இப்படியும் அப்படியும் அசைந்தது. சத்தம் வரவில்லை. வண்டியை ஓட்டும் சிப்பாய் திரையிலிருந்து தலையைத் தூக்கிக் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் காளியண்ணனைப் பார்த்தார்.

காளியண்ணன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை பார்" என்றார் கேப்டன் சிப்பாயிடம்.