முப்பத்திரண்டு ஜி.பி. கடிதம்

டிரைவரிடம் ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, பொய் சொல்லத் தெரியாது என்பதைத் தவிர. அது ஒரு குறையா என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் கடையில் அவர் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

கண் பரிசோதனையில் இடது கண் தேறவில்லை. பஸ்ஸிலிருந்து இறக்கி, டிப்போவில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறமும் எல்லாரும் 'டிரைவர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. சாப்பிடும்போதுகூட அவருடைய இடது கை தட்டுக்குப் பக்கத்தில் இல்லாத கியரைத் தேடும்.

டிப்போ எலெக்ட்ரீஷியன் ஒருநாள் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டைக் காட்டினார். "பஸ் ஓட்டுறதும் இருக்கு அண்ணே, போடட்டுமா?" என்றார். டிரைவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அதைத் தொட்டால் அழுதுவிடுவோம் என்று பயம். விமானம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

"வாங்கினா மெமரியில கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பதினாறு ஜி.பி. போட்டா பிளேன் எழும்பும், ஊருக்கு மேல வந்ததும் திக்கித் திக்கி நிக்கும். முப்பத்திரண்டு போடுங்க," என்றார் எலெக்ட்ரீஷியன்.

வண்டி நடுவழியில் நிற்பது டிரைவருக்கு ஆகவே ஆகாது. முப்பத்திரண்டு என்று மனதில் ஆணி அடித்துக்கொண்டார்.

வீட்டில் சொல்லத்தான் நா எழவில்லை. அவர் மனைவி அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் விசிலை மட்டும் விடாமல் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருந்தார். பஸ்ஸில் அவர் இரண்டு விசில் கொடுத்தால் டிரைவர் வண்டியை எடுப்பார், ஒன்று கொடுத்தால் நிறுத்துவார். வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். தலை நரைத்தபின் விளையாட்டா என்று கண்டக்டரம்மா சிரித்துவிட்டால்? ஆகவே, லெட்டர் டைப் பண்ணக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொல்லி வைத்தார். இருவரும் கடைக்குப் போனார்கள்.

"என்ன வேலைக்கு சார்?" என்றாள் கடைக்காரப் பெண்.

"லெட்டர் டைப் பண்ண."

"அப்ப எட்டு ஜி.பி. மெமரி தாராளம்."

"முப்பத்திரண்டு வேணும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "மெமரிங்கிறது மேஜை மாதிரி சார். பரப்பி வச்சு வேலை பாக்கத்தான் பெருசு வேணும். ஒத்தை பேப்பர் வைக்க எதுக்கு மைதானம் அளவுக்கு மேஜை?"

"லெட்டர் கொஞ்சம் நீளம்."

"எவ்வளவு நீளமா இருந்தாலும் எட்டே போதும்."

"படமும் வரும்," என்றார் டிரைவர், நெற்றியைத் துடைத்தபடி. "வானம், மேகம், அந்த மாதிரி."

கண்டக்டரம்மாவின் தலை மெல்லத் திரும்பியது. நிற்க இடமில்லாத கூட்டத்திலும் டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்தவர் அவர்.

"ஏங்க, எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு துண்டு லெட்டர் எழுதினதில்ல. வானம் மேகமெல்லாம் போட்டு யாருக்கு எழுதப் போறீங்க?"

டிரைவர் அவசரமாகக் கடைக்காரப் பெண் பக்கம் திரும்பினார். "சரி, பதினாறே போதும்," என்றார். பிறகு, "எட்டுகூடப் போதும், கிளம்பலாம்," என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. கவுண்டர் மேல் அவருடைய இடது கை தானாகக் கியரைக் குறைத்துக்கொண்டிருந்தது.

கண்டக்டரம்மா அந்தக் கையையே பார்த்தார். "டிக்கெட்டை எடுங்க," என்றார். கொஞ்சம் மெதுவாக, "உண்மையைச் சொல்லுங்க," என்றார்.

"பிளேன் ஓட்டணும்."

கடைக்காரப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர்லதான். கை சும்மா இருக்க மாட்டேங்குது. எதையாவது ஓட்டணும், அவ்வளவுதான்."

கண்டக்டரம்மா சிரிக்கவில்லை. "முப்பத்திரண்டே போடும்மா. பின்னால ஏத்தணும்னா உள்ள இடமிருக்கா?"

"ரெண்டு ஸ்லாட் காலியா வச்சுத் தர்றேன். இதுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேணும் சார். லெட்டர்னு நம்பி அனுப்பியிருந்தா, எவ்வளவு மெமரி போட்டும் உங்க பிளேன் ஓடுதளத்துலதான் கிடந்திருக்கும்."

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. எலெக்ட்ரீஷியன் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். திரையில் ஓடுதளம் நீண்டு கிடக்க, என்ஜின் உறுமியது. டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விமானம் மட்டும் அசையவில்லை.

"என்னங்க, மெமரி பத்தலையா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏனோ எடுக்க வரல."

கண்டக்டரம்மா வந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தானாக வண்டியை எடுத்த வழக்கம் அந்த மனிதருக்கு ஏது? ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து, அவருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு விசில் கொடுத்தார்.

விமானம் நகர்ந்து, ஓடி, எழும்பியது. டிரைவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை எடுக்கவில்லை, வண்டி ஓட்டும்போது எடுக்கக்கூடாது. ஊருக்கு மேல் வந்தும் அது கொஞ்சமும் திக்கவில்லை.

ஒற்றை விசில் கேட்டது.

"ஆகாசத்துல எப்படிம்மா நிறுத்துறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சாப்பாடு ஆறுது, இறங்குங்க."