புளி போட்டுத் தேய்த்த கப்பல் காசுகள்

தேவராஜ் போய்விட்டான். இன்று விடியற்காலை, பெங்களூர் ஸ்ரீராம்புரம் வீட்டில்... தூக்கத்திலேயே.

பொம்மசந்திரா கம்பெனியில் எனக்கு அடுத்த லேத் மெஷின் அவனுடையது. நான் லீவு போட்டால் அந்த ஷிஃப்டே ஓடாது என்பது வேறு கதை.

கப்பல் படம் போட்ட காசு என்றால் அவனுக்கு உயிர். இங்கிலாந்து அரைப் பென்னி, போர்ச்சுகல் காசு... எல்லாம் வைத்திருந்தான். வாஸ்கோடகாமா சட்டைப்பையில் கிடந்த காசு என்று கேண்டீனில் பரப்பிவிட்டது நான்தான். அவ்வளவு பழசு இல்லப்பா என்பான். நான் விட்டால்தானே.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம், டவுனில் நாணயக் கண்காட்சி. அவனுக்கும் ஒரு மேசை கிடைத்தது. என் சிபாரிசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்கியே தீருவது என்று மாதக்கணக்கில் அதே பேச்சு.

கண்காட்சிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. கம்பெனி பூஜை முடிந்து, பொரிப் பொட்டலத்தோடு அவன் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி சரசு, கல்யாணமாகி வேலூர் பக்கமிருந்து வந்த புதுசு. ஒரு தட்டை நீட்டினாள். காசு அத்தனையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து... தகதக என்று.

பழைய செம்புக் காசுக்கு அந்தக் கறுத்த பழுப்புதான் மதிப்பு. தேய்த்தால் போச்சு.

"உங்க மெஷினுக்கு மட்டுந்தான் பூஜையா? இதுக்கும் போட்டுட்டேன். நல்லா வந்திருக்கா?"

தேவராஜ் ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "இப்பதான் தண்ணியில இறக்குன கப்பல் மாதிரி இருக்கு சரசு."

மறுநாள் அதையேதான் மேசையில் பரப்பினான். பக்கத்தில் சரசு, கல்யாணப் பட்டுப்புடவையில்.

லென்ஸோடு வந்த ஜட்ஜ் முகம் சுளித்து, யார் இதைக் கெடுத்தது என்று கன்னடத்தில் கேட்டார். தேவராஜும் கன்னடத்திலேயே, நான்தான் சார், தெரியாமல் செய்துவிட்டேன் என்றான். ஜட்ஜ் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

சரசுவுக்கு அப்போது கன்னடம் தெரியாது. என்னைப் பார்த்தாள். "என்னண்ணா சொல்றாரு?"

"இந்த மாதிரி பளபளப்பை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லைன்றாரும்மா."

நான் விட்ட எத்தனையோ கதைகளில், அந்த ஒன்றுக்குத்தான் தேவராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சரசு தேய்த்தாள். தேய்ந்து தேய்ந்து, இப்போது பாதிக் கப்பலுக்குப் பாயே இல்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்று எல்லாம் முடிந்து திரும்பியபோது என்னைக் கூப்பிட்டாள். "இந்த வருசம் நமக்குப் பண்டிகை இல்லையேண்ணா... தேய்க்காம விட்டா காசெல்லாம் கறுத்துடுமே. அவருக்குப் பிடிக்காதே."

நான் சொன்னேன்:

"பூஜை இல்லாட்டி என்னம்மா. சும்மாவே தேய். பளிச்சுனு இருந்தாதான் அவனுக்குப் பிடிக்கும்."

சரசு முகநூலில் இல்லை. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் யாரும் அவளிடம் மூச்சு விடாதீர்கள்.

போய் வா, தேவராஜ்.